ஆல்டோவின் ஃப்ளாட் எங்கே நிற்கிறது? – ஒரு நோட்டேஷன் மென்பொருளோடு நெடுநாள் அனுபவம்

கணினியில் மேற்கத்திய இசைக் குறிப்பு (நோட்டேஷன்) எழுத உதவும் ஃபினாலே மென்பொருளை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததிலிருந்து, காயர் (பாடகர் குழு) நடத்தும் நண்பர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்கிறார்கள்: "அண்ணே, நீங்க வச்சிருக்கறதுக்கு மாறிடலாமா?" 35 வருடம் ஓடிய மென்பொருள் நின்றால் பதற்றம் வரத்தான் செய்யும். நான் வைத்திருப்பது இலவசமாகக் கிடைப்பது. பெயர் இங்கே வேண்டாம், கேட்டவர்களுக்குத் தெரியும். நோட்டு போடுவது, வரிகள் சேர்ப்பது, பிரின்ட் எடுப்பது எல்லாம் எல்லாரும் அறிந்ததுதான். எனக்குள்ள தகராறு ஒன்றே ஒன்று: ஆக்சிடென்டல்கள், அதாவது நோட்டை அரை ஸ்வரம் ஏற்றும் ஷார்ப், அரை ஸ்வரம் இறக்கும் ஃப்ளாட், இரண்டையும் ரத்து செய்யும் நேச்சுரல் குறிகள், வந்து நிற்கிற இடம்.

தனி மெலடி எழுதுகிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. நான்கு குரலை இரண்டு ஸ்டாஃபில் (நோட்டு எழுதும் ஐந்து கோட்டுத் தொகுதி) அடக்கும்போதுதான் வினை. பெண் குரல்களான சோப்ரானோவும் (உயர்ந்தது) ஆல்டோவும் (தாழ்ந்தது) மேல் ஸ்டாஃபில், ஆண் குரல்களான டெனரும் பேஸும் கீழ் ஸ்டாஃபில். ஈ ஃப்ளாட் மேஜரில் ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி முடிகிற இடத்தில் ஈ ஃப்ளாட் செவன்த் என்ற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) வந்து ஏ ஃப்ளாட் கார்டுக்குப் போகிறது. சோப்ரானோ மேல் ஈ ஃப்ளாட்டில் நிற்கிறது, ஆல்டோ அதற்கு ஒட்டிக் கீழே டி ஃப்ளாட். அடுத்தடுத்த நோட்டுகள் என்பதால் அவற்றின் உருண்டைத் தலைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார முடியாது. தண்டு மேலே போகிற சோப்ரானோ இடப்பக்கம், தண்டு கீழே போகிற ஆல்டோ வலப்பக்கம். ஆனால் ஆல்டோவின் ஃப்ளாட் குறி இரண்டு தலைக்கும் இடப்பக்கம்தான் நின்றாக வேண்டும். ஆக, ஆல்டோவுக்குச் சொந்தமான குறி சோப்ரானோவின் தலையை உரசிக்கொண்டு நிற்கிறது.

அது யாருடைய குறி என்பதைக் காட்டுவது உயரம் மட்டும்தான். 7 மி.மீ. உயர ஸ்டாஃபில் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 1.75 மி.மீ. டி-க்கும் ஈ-க்கும் உள்ள வித்தியாசம் அதில் பாதி, 0.9 மி.மீ. கூடக் கிடையாது. அதைச் சின்னதாக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? ஈ-க்கு ஏற்கெனவே, ஸ்டாஃபின் தொடக்கத்தில் வரும் கீ சிக்னேச்சரில் ஃப்ளாட் இருக்கிறது. அதனால் ஆல்டோ பாடுகிறவர், 'இது சோப்ரானோவுக்கு ஞாபகப்படுத்தப் போட்டது' என்று நினைத்து டி நேச்சுரலைப் பாடிவிடுகிறார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. தாள் அப்படித்தான் சொல்கிறது. மெல்லச் சாய்ந்து ஏ ஃப்ளாட்டுக்குப் போய் இறங்க வேண்டிய இடம் கரகரவென்று நிற்கிறது.

இதற்கெல்லாம் அச்சுக்காரர்கள் எப்போதோ முறை வகுத்துவிட்டார்கள். இரண்டு நோட்டுகள், இரண்டையும் சேர்த்து எண்ணி, ஏழு ஸ்வர தூரமோ அதற்கு மேலோ விலகியிருந்தால் அவற்றின் குறிகள் ஒரே நேர்வரிசையில் நிற்கலாம். நெருங்கிய மூன்று நோட்டு கார்டு என்றால் மேல் நோட்டின் குறி தலைக்குப் பக்கத்தில், அடுத்து அடி நோட்டினுடையது, நடு நோட்டினுடையது எல்லாவற்றுக்கும் வெளியே. ஃபான்ட்டுகளும் இதற்கு உதவுகின்றன. 2013-இல் பிரவூரா என்ற இசை ஃபான்ட்டோடு வந்த, இசைக் குறி ஃபான்ட்டுகளுக்கான ஸ்மஃபிள் தரத்தில், ஒவ்வொரு குறியின் எந்த மூலை காலி என்பதையே குறித்து வைக்க வழி இருக்கிறது. ஃப்ளாட்டின் மேல் வலது மூலை வெறும் இடம், அங்கே பக்கத்துத் தலை கொஞ்சம் நுழையலாம். ஒரு தலை இருக்கும் இடத்தில் இந்த நெருக்கம் அழகு. இரண்டு குரல் சேர்ந்த இடத்தில் அதே நெருக்கம்தான் என் ஆல்டோவைக் கவிழ்க்கிறது.

இன்னும் எரிச்சல் என்னவென்றால், தமிழ் வரிகளுக்கு இடம் தாராளமாக விழுகிறது. ஒரு நோட்டுக்குக் கீழே 'ஸ்தோத்' என்று ஒரு அசை வந்தால் அடுத்த நோட்டு தானாகத் தள்ளிப் போகிறது. இடப்பக்கம் அவ்வளவு வெற்றிடம் கிடந்தும் குறி மட்டும் தலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்!

சரி, கையால் தள்ளலாம். குறியைத் தேர்ந்து, பக்கப் பெட்டியில் எக்ஸ் ஆஃப்செட்டை (பக்கவாட்டு நகர்வு அளவு) கொஞ்சம் மைனஸில் வைத்தால் அழகாக நகரும். அடுத்த வாரம் "மேல் ஈ ஃப்ளாட் எட்டலை, அரை ஸ்வரம் இறக்குங்க" என்பார்கள். டி மேஜருக்கு இறக்கியதும் ஆல்டோவின் டி ஃப்ளாட் சி நேச்சுரலாக மாறும். நேச்சுரலுக்கு மேலும் காலுண்டு, கீழும் காலுண்டு. ஃப்ளாட்டுக்கு வைத்த அளவு அதற்குப் பொருந்தாது. ஆனால் பழைய ஆஃப்செட் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். மொத்தமாக ரீசெட் அடித்தால், வரிகளுக்கும் டைனமிக்ஸுக்கும் (உரக்க, மெல்ல என்னும் குறிகள்) பார்த்துப் பார்த்துச் செய்த திருத்தங்களும் சேர்ந்து போய்விடும்.

இப்போது நான் செய்வது இது. ஒற்றைக் குறியை நகர்த்துவதை முடிந்தவரை விட்டுவிட்டேன். ஸ்டைல் அமைப்பில் ஆக்சிடென்டலுக்கும் நோட்டுக்கும் உள்ள தூரத்தைப் பாட்டு முழுவதற்கும் கூட்டி வைக்கிறேன்; கீ மாறினாலும் அது நிலைக்கும். ஈ ஃப்ளாட் – டி ஃப்ளாட் போன்ற இடங்களில் சோப்ரானோவுக்கும் அடைப்புக்குள் ஒரு ஃப்ளாட் போடுகிறேன். இரண்டு குறி இரண்டு உயரத்தில் தெரிந்தால் யாரும் குழம்புவதில்லை. பழைய ஃபைலாக இருந்தால் ஆக்சிடென்டல்களை மட்டும் தேர்ந்து ரீசெட் செய்துவிட்டு, அதன் பிறகே கீ மாற்றுகிறேன். ஆனால் இதெல்லாம் நான் பார்க்க வேண்டிய வேலையா? லில்லிபாண்ட் என்ற நோட்டேஷன் மென்பொருளும் இலவசம்தான். அதில் காயருக்கென்றே தனி ஆக்சிடென்டல் முறை இருக்கிறது, ஒரு வரி எழுதினால் போதும். எல்லாவற்றையும் எழுத்தாகத் தட்ட வேண்டும் என்பதால்தான் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. ஆல்டோவை மட்டும் உரக்க வைத்து ஆடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிப் பேர் பாடம் பண்ணிவிடுகிறார்கள். சோல்ஃபா (டோ, ரே, மி எழுத்து முறை) மட்டுமே தெரிந்த பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது காயரில் நின்றவர்களுக்குத் தெரியும். பைசா செலவில்லாமல் இவ்வளவு கொடுக்கிற வேறொன்றை நான் பார்த்ததில்லை. நான் இதை விடப்போவதும் இல்லை.

ஆனாலும் தம்பி, நீ மாறாதே. கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸ் முடிகிறவரைக்குமாவது ஃபினாலேயிலேயே இரு. கணினியில் போட்டுவைத்தது உடனே அழிந்துவிடாது. அதற்குள் உன் பாட்டு எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக (வேறு நோட்டேஷன் மென்பொருளிலும் திறக்கிற ஃபைல் வடிவம்) எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு வை. எந்த மென்பொருளுக்குப் போவதானாலும் இரண்டு ஸ்டாஃபில் நான்கு குரல் உள்ள ஒரு பாட்டை முதலில் அதில் திற, அரை ஸ்வரம் இறக்கு, பிரின்ட் எடு. அந்தத் தாளை ஒரு ஆல்டோவிடம் கொடுத்துப் பாடச் சொல்.