கோளரங்கத் திரைக்குப் படம் செய்ய எந்த வழி: 360 கேமராவா, ஃபிஷ்ஐ லென்ஸா, பிளெண்டரா?

கோளரங்கத்துக்குப் படம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

குவிமாடத்துக்குக் கொடுக்கும் படத்துக்கு டோம்மாஸ்டர் என்று பெயர். சதுர ஃபிரேமுக்குள் ஒரு வட்டம், அவ்வளவுதான். வட்டத்தின் நடுப்புள்ளி தலைக்கு நேர் மேலே வரும். விளிம்பு, சுற்றிலும் தெரியும் அடிவானம். வட்டத்தின் கீழ்ப்பக்கம்தான் பொதுவாகப் பார்வையாளருக்கு முன்பக்கம். 4கே டோம்மாஸ்டர் என்றால் 4096-க்கு 4096 பிக்சல். அது 180 டிகிரிக்கு விரியும்போது ஒரு டிகிரிக்கு 23 பிக்சல்கூட முழுதாகக் கிடைக்காது. நல்ல கண்பார்வை உள்ளவரால் ஒரு டிகிரியில் 60 பிக்சல் வரை பிரித்துப் பார்க்க முடியும். அப்படியென்றால் 4கே-யே குவிமாடத்தில் கொஞ்சம் மங்கல்தான். அதற்கும் கீழே போனால் நட்சத்திரங்கள் புள்ளிகளாக நிற்காது, பொட்டுகளாக வீங்கிவிடும். இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் எடைபோடுகிறேன்.

முதலில், சுற்றிலும் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்கும் 360 டிகிரி கேமரா. கையடக்கமானது, ஒருவரே தூக்கிக்கொண்டு போகலாம். "5.7கே" என்று பெட்டியில் போட்டிருக்கும் கேமராவின் படம் 5760-க்கு 2880. அதில் மேல் பாதி மட்டும்தான் நம் குவிமாடத்துக்கு. உச்சியிலிருந்து அடிவானம் வரை 1440 பிக்சல், அதாவது வட்டத்தின் விட்டம் 2880. "8கே" கேமராவிலும் விட்டம் 3840-தான். பெட்டியில் 8கே என்று இருந்தால் குவிமாடத்தில் அது 4கே என்று பாதியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன கேமராக்களின் சென்சாரும் சின்னது. இரவு வானத்தை வீடியோவாக எடுத்தால் நட்சத்திரத்தைவிட இரைச்சல், அதாவது படத்தில் விழும் பொடிப்பொடிப் புள்ளிகள்தான் அதிகம் தெரியும். இரண்டு லென்ஸ் சேரும் இடத்தில் அருகில் நிற்கும் ஆளின் தோள் உடைந்து தெரிவதும் உண்டு. அதற்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு லென்ஸும் 180 டிகிரிக்கு மேலேயே பார்க்கிறது என்பதால், ஒரு லென்ஸை நேர் மேலே திருப்பி, அந்த லென்ஸ் எடுத்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒட்டு விழாது.

பகல் காட்சிகளில் வேறொரு சிக்கல் வரும். குவிமாடம் உட்குழிந்த திரை. ஒரு பக்கத்து வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் பட்டுத் தெறிக்கும். வெளிறிய பகல் வானம் திரையின் பாதியை நிரப்பினால் மற்ற பாதியின் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். குவிமாடத் திரைகளுக்குப் பளீர் வெள்ளை பூசாமல் சாம்பல் நிறம் பூசுவது இதனால்தான். மனிதர்களையும் கூட்டத்தையும் காட்டும் சின்னச் சின்ன ஷாட்டுகளுக்கு 360 கேமரா போதும். முழுப் படத்தையும் அதை நம்பி எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஃபிஷ்ஐ லென்ஸ். என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது. சிக்மா 8 மி.மீ., கேனான் 8–15 மி.மீ. போன்ற லென்ஸை ஃபுல்ஃபிரேம் கேமராவில் மாட்டினால் வானம் முழுக்க ஒரே வட்டமாக விழும். ஆனால் அதில் வீடியோ எடுக்காதீர்கள். 4கே வீடியோவின் உயரம் 2160 பிக்சல்தான். அகலத் திரைக்காகச் சென்சாரை மேலும் கீழும் வெட்டுவதால் வட்டமும் வெட்டுப்படும். அதே 24 மெகாபிக்சல் கேமராவில் புகைப்படம் எடுத்தால் வட்டம் ஏறக்குறைய 3,700 பிக்சல் வரும். 45 மெகாபிக்சல் என்றால் 5,000-ஐத் தாண்டும். அந்தப் புகைப்படங்களை வரிசையாக அடுக்கி டைம்லாப்ஸ் ஆக்கினால் 24 மெகாபிக்சலில் 4கே-யை நெருங்கலாம், 45-இல் 4கே தரம் உறுதி.

விலையாகக் கொடுக்க வேண்டியது நேரம். நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் 10 நொடி ஷாட்டுக்கு 300 படம். ஒவ்வொன்றும் 25 நொடி எக்ஸ்போஷர், நடுவில் 5 நொடி இடைவெளி என்றால் இரண்டரை மணி நேரம். நிலா இல்லாத இரவு வேண்டும், பனி லென்ஸில் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மேகம் வரக் கூடாது. ஓர் இரவில் மூன்று ஷாட் தேறினால் பெரிய விஷயம். லென்ஸ் பதியும் வட்டம் விளிம்புப் பக்கம் கொஞ்சம் நெருங்கியிருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. டோம்மாஸ்டரில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே தூரம் வேண்டும். அதற்கு மாற்றாவிட்டால் அடிவான மலைகள் குள்ளமாகிவிடும்.

இத்தனை பாடும் எதற்கு? கொடைக்கானல் மலை வட அட்சம் 10 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அங்கே துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேலே 10 டிகிரி உயரத்தில் நிற்கும். மார்ச் கடைசியில் நள்ளிரவையொட்டித் தென்சிலுவை தெற்கே தன் உச்சிக்கு வரும். இரண்டும் ஒரே வட்டத்துக்குள்! வடக்கே நட்சத்திரங்கள் ஒரு புள்ளியைச் சுற்ற, தெற்கே சிலுவை மலை முகட்டின் மேல் சாய்ந்து இறங்கும். நார்வேயில் எடுத்த படத்திலும் சிலியில் எடுத்த படத்திலும் இது கிடைக்காது. தட்டையான திரையில் இதைக் காட்டவும் முடியாது, ஏனென்றால் ஒன்று நம் முகத்துக்கு முன்னால், இன்னொன்று முதுகுக்குப் பின்னால். பிள்ளைகள் கழுத்தைத் திருப்பித் தேடுவார்கள். கோளரங்கம் என்ற கட்டடத்தைக் கட்டியதே இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, வியாழனுக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்றால்? அதற்குக் கணினிதான். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் இலவசம். அதன் சைக்கிள்ஸ் ரெண்டரரில் பனோரமா கேமராவைத் தேர்ந்தெடுத்து, ஃபிஷ்ஐ ஈக்விடிஸ்டன்ட், 180 டிகிரி, 4096-க்கு 4096 என்று வைத்தால் டோம்மாஸ்டர் நேரடியாகவே வந்துவிடும். ஒட்டு வேலையும் மாற்று வேலையும் கிடையாது. மலைக்க வைப்பது ரெண்டர் நேரம், அதாவது கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் வரைந்து முடிக்க எடுக்கும் நேரம். 25 நிமிடப் படத்துக்கு 45,000 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 4 நிமிடம் என்று குறைவாக வைத்தாலும் ஒரு கணினிக்கு 3,000 மணி நேரம், அதாவது 125 நாள். 8கே என்றால் பிக்சல் நான்கு மடங்கு. பிக்சலைவிடச் சின்னதாக வரைந்த நட்சத்திரங்கள் கேமரா நகரும்போது தேவையில்லாமல் மினுக்கும். அதைச் சரிசெய்யத் தனியாக உழைக்க வேண்டும். ஆகவே பிளெண்டரை, கேமராவால் போக முடியாத இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பலர் யோசிக்காத நான்காவது வழி ஒன்றும் உண்டு. ஸ்டெல்லாரியம், வானத்தைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள், அதில் ஃபிஷ்ஐ காட்சி இருக்கிறது. நீங்கள் எடுத்த பனோரமா படத்தையே அதன் அடிவானமாக வைக்கலாம். உங்கள் ஊர் மலைக்கு மேலே எந்த ஆண்டின் எந்த இரவையும் கொண்டுவரலாம், கார்த்திகை, திருவாதிரை, அகத்தியன் என்று நம் பெயர்களையே போடலாம். ஆனால் திரையைப் பதிவுசெய்து எடுக்கும் படம் மானிட்டரின் உயரத்தைத் தாண்டாது. நம் பால்வீதிக்கு வெளியே பறக்க ஓப்பன்ஸ்பேஸ் என்ற மென்பொருள் பொருத்தமாக இருக்கும். அதுவும் இலவசம். பயணத்தைப் பதிவுசெய்துவிட்டு ஃபிரேம் ஃபிரேமாக வெளியே எடுக்கலாம். ஐரோப்பியத் தெற்கு ஆய்வகமான ஈஎஸ்ஓ, தன் குவிமாடக் காட்சிகள் பலவற்றைப் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் தருகிறது. அதையும் சேர்த்துக்கொண்டால் ரெண்டர் நாட்களில் பெரும்பகுதி மிச்சம்.

சின்னக் குழு ஒன்று என்னிடம் கேட்டால் 25 நிமிடத்துக்கு ஆசைப்பட வேண்டாம், 12 நிமிடம் போதும் என்பேன். அதில் பாதி, ஃபிஷ்ஐ டைம்லாப்ஸ். மூன்று நிமிடம் பிளெண்டர். மீதி ஓப்பன்ஸ்பேஸும் இலவசக் காட்சிகளும். பணம் இருந்தால் இரண்டாவது கேமரா வாங்குவதைவிட நல்ல குரலுக்கும் ஒலிக்கும் செலவிடச் சொல்வேன். இருட்டில் எங்கே திரும்ப வேண்டும் என்று பார்வையாளருக்குச் சொல்வது ஒலிதான்.

எந்த வழியில் செய்தாலும் முதலில் 1024 பிக்சலில் ஒரு சோதனைப் பிரதி எடுங்கள். பக்கத்துக் கோளரங்கத்தில் கடைசிக் காட்சி முடிந்ததும் கால் மணி நேரம் கேட்டு, குவிமாடத்தில் ஓட்டிப் பாருங்கள். மானிட்டரில் மெதுவாகத் தெரிந்த நகர்வு அங்கே நாற்காலியோடு நம்மைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும். தலை சுற்றும் ஷாட்டுகளைக் குறித்துவைத்து, அவற்றின் வேகத்தைப் பாதியாக்கிவிட்டு, அப்புறம் 4கே ரெண்டரைத் தொடங்குங்கள்.