கோத்தகிரியில் எங்கள் நாய்க்கு இன்சுலின் வாங்கும் கடை

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன மெடிக்கல் ஷாப். எங்கள் மணிக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் சாப்பிட்டதும் இன்சுலின் ஊசி. நாய்க்கு என்றதும் முகம் சுளிக்காமல், கால்நடை டாக்டர் சீட்டை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கடைக்கார அண்ணன் மருந்தை எடுப்பார்.

சிரிஞ்ச் விஷயத்தில் அவர் காட்டும் கவனம்தான் பெரிது. குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு உரியது. அதில் மில்லிக்கு 40 யூனிட் மருந்தை 10 என்ற கோடு வரை இழுத்தால் நாய்க்குப் போவது 4 யூனிட்தான். தலைகீழாக மாறினால் இரண்டரை மடங்கு ஏறி, சர்க்கரை சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் பொட்டலம் கட்டமாட்டார். வேறொரு கடையில் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று கைக்கு வந்ததை நீட்டினார்கள். அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

உறைபனிக் காலத்தில், "ஃப்ரிட்ஜில் வைங்க, ஃப்ரீசர் பக்கம் போகவே கூடாது. உறைஞ்சா தூக்கிப் போட்டுடணும்" என்று மறக்காமல் சொல்வார்.

குறை ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு நாய்க்குச் சர்க்கரையோடு குஷிங்ஸ் நோயும். அதில் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடிவிடும், கூடிவிட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அந்த நோய்க்கான ட்ரைலோஸ்டேன் மருந்து இங்கே இல்லை, கோவையில் சொல்லிவைத்துத்தான் வாங்குகிறார்கள். அதையும் வரவழைத்தால் மலையில் நாய் வளர்ப்பவர்களுக்குப் பெரிய உபகாரம்.