டென் டான்ஸ்கே ஓர்ட்போ: டேனிஷ் படிக்கிறவர்களுக்கு இந்த அகராதி போதுமா?

டேனிஷ் கற்கிறவர்கள் அகராதி கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது டென் டான்ஸ்கே ஓர்ட்போ. 2003இலிருந்து 2005 வரை 6 தொகுதிகளாக அச்சில் வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சொல்லுக்குக் கீழேயே பால், பன்மை, உச்சரிப்பு, சொல் வந்த வழி எல்லாம் இருக்கும், நிறைய சொற்களைச் சொடுக்கிக் கேட்கவும் செய்யலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரே எழுத்துக்கூட்டலோடு அடுத்தடுத்து நிற்கும் பெயர்ச்சொற்களை இது கையாளும் விதம். 'ஃப்ரோ' என்று தேடிப் பாருங்கள். டேனிஷ் பெயர்ச்சொற்களில் இரண்டு பால் உண்டு, 'ஒரு' என்ற பொருளில் ஒன்றுக்கு முன்னால் 'என்' வரும், மற்றதற்கு 'எட்'. 'என் ஃப்ரோ' என்றால் தவளை, 'எட் ஃப்ரோ' என்றால் விதை. தவளைக்குப் பன்மை 'ஃப்ரோயெர்', விதைக்கோ பன்மையிலும் அதே 'ஃப்ரோ'தான். 'சோம்' அப்படித்தான், ஒன்று துணியின் தையல், இன்னொன்று சுவரில் அடிக்கிற ஆணி. 'நோய்லெ' ஒரு பாலில் சாவி, மறு பாலில் நூல்கண்டு. ஆங்கிலத்தில் 'பேட்' வௌவாலா மட்டையா என்று வாக்கியம்தான் சொல்ல வேண்டும், டேனிஷில் இந்த 'என்', 'எட்' பாதி வேலையை முடித்துவிடும். நான் முன்பு வைத்திருந்த ஒரு டேனிஷ்–ஆங்கிலக் கையடக்க அகராதி "தவளை, விதை" என்று ஒரே வரியில் போட்டு நகர்ந்துவிட்டது, பால் குறிப்பே கிடையாது. அதை நம்பி ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. இங்கே இரண்டும் தனித்தனிப் பதிவு.

அப்புறம் அக்கம்பக்கத்துச் சொற்கள். ஆங்கிலத்தில் 'பார்ன்' என்றால் தானியக் கொட்டகை, கொஞ்சம் தள்ளி 'பார்னக்கிள்', கப்பல் அடியில் ஒட்டும் உயிரி, ஒன்றுக்கொன்று உறவே இல்லை. டேனிஷில் 'பார்ன்' என்றால் குழந்தை. அதைத் தொடர்ந்து குழந்தைப் பருவம், பேரப்பிள்ளை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, குழந்தை வண்டி என்று ஒரு குடும்பமே வரிசையில் நிற்கும், ஏனென்றால் டேனிஷ் கூட்டுச்சொற்களைப் பிரிக்காமல் சேர்த்தே எழுதும். இதனால் ஒரு சொல் தேடப் போனவர் ஐந்தாறு சொல்லோடு திரும்பலாம்.

குறை என்றால், விளக்கம் முழுக்க டேனிஷிலேயே இருக்கிறது. ஆரம்ப நிலையில் இருப்பவர் பால் குறிப்பு ஒழுங்காக உள்ள ஒரு இருமொழி அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பழைய புத்தகம் படிப்பவர்களுக்கு அதே தளத்திலேயே 1918–1956இல் 28 தொகுதிகளாக வந்த பெரிய அகராதி இருக்கிறது. ஆனால் அதில் 1948 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துக்கூட்டல்.

அச்சுப் பிரதி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மேலே வட்டம் போட்ட 'ஏ' டேனிஷ் அகரவரிசையின் கடைசி எழுத்து, 'இசட்' தாண்டித்தான் தேட வேண்டும். அந்த ஒற்றை எழுத்தே ஒரு பெயர்ச்சொல்லும்கூட, சிற்றாறு என்று பொருள். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரம் 2011இல் தன் பெயரை இந்த எழுத்துக்குப் பதிலாக மறுபடி பழைய முறையில் இரண்டு 'ஏ' போட்டு எழுதத் தொடங்கியது, ஆனாலும் பட்டியல்களில் அதன் இடம் கடைசியில்தான்.