கார்டிசாலைக் காட்டிப் பயமுறுத்தி 38,500 ரூபாய் வாங்கினார்கள்: பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேளச்சேரியில் உள்ள ஓர் உடற்பயிற்சி நிலையத்தில், பிரசவமான பெண்களுக்கான 'ஹார்மோன் சீரமைப்புத் திட்டம்' என்ற பெயரில் நான் ஏமாந்ததை இங்கே எழுதுகிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதே பேச்சை நகரத்தின் வேறு பகுதிகளிலும் கேட்டதாகத் தோழிகள் இருவர் சொன்னார்கள். ஆகவே அவர்கள் எப்படிப் பேசிப் பணம் வாங்குகிறார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு இரண்டாவது குழந்தை ஆடி மாதத்தில் சிசேரியன் மூலம் பிறந்தான். கல்யாணத்துக்கு முன்பும், மூத்தவள் பிறந்த பின்பும், வாரத்தில் நான்கு நாள் பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் ஓடிப் பழகியவள் நான். தை பிறந்ததும் மறுபடி தொடங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "பச்சை உடம்பும்மா, ஒரு வருஷமாவது போகட்டும்" என்று என் மாமியார் சொன்னார். மகப்பேறு மருத்துவர் அனுமதித்துவிட்டார் என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் அந்த நிலையத்துக்குப் போனேன்.

முதல் நாள் அங்கிருந்த ஆலோசகர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். இரவில் தூக்கம் கலைகிறதா, மதியம் அசதியாக இருக்கிறதா, இனிப்பின் மேல் நாட்டம் வருகிறதா, முடி கொட்டுகிறதா, எரிச்சல் வருகிறதா? ஆறு மாதக் கைக்குழந்தைக்கு இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுக்கும் எந்தத் தாய் இவற்றுக்கு 'இல்லை' என்று சொல்ல முடியும்? நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். என் உடம்பில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் பெருகிவிட்டது என்றும், இந்த நிலையில் ஓடினாலோ எடை தூக்கினாலோ அது இன்னும் ஏறி வயிற்றில் கொழுப்பாகத் தங்கும் என்றும், பால் வற்றிவிடும் என்றும் அவர் சொன்னார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றே பணம் கட்டிவிட்டேன்.

அடுத்து உமிழ்நீர்ப் பரிசோதனை. நான்கு சிறிய பிளாஸ்டிக் குப்பிகள் கொடுத்து, காலை எழுந்ததும், நண்பகலிலும், மாலையிலும், படுக்கும் முன்பும் துப்பி வைக்கச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் காலைக் குப்பியின் அளவு சிவப்பு நிறத்தில் இருந்தது. கீழே 'அட்ரினல் சோர்வு, இரண்டாம் கட்டம்' என்று போட்டிருந்தது. சிறுநீரகத்தின் மேல் இருந்துகொண்டு கார்டிசாலைச் சுரக்கும் சுரப்பிதான் அட்ரினல். அன்று அந்தச் சிவப்பைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான், அதில் ஆய்வகத்தின் பெயரோ, மருத்துவரின் கையொப்பமோ, மாதிரி எடுத்த நேரமோ இல்லை என்பதும், நான்கு வேளைக்கும் ஒரே 'சரியான அளவு' அச்சிடப்பட்டிருந்தது என்பதும் தெரிந்தது.

அந்த ஒரே அளவுதான் இந்த மோசடியின் அச்சாணி. கார்டிசால் நாள் முழுவதும் ஒரே அளவில் இருக்கும் ஹார்மோன் அல்ல. கண் விழித்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு படிப்படியாக இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். நாம் எழுந்து நடமாடுவதற்கு உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. காலைக்கும் இரவுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால், நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பெண்ணுக்கும் காலைக் குப்பி சிவப்பாகத்தான் வரும். கர்ப்ப காலத்தில் இந்த ஹார்மோன் இரண்டு மூன்று மடங்கு வரை உயர்வதும், பிரசவத்துக்குப் பின் இறங்கிவிடுவதும் இயற்கை. கார்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய், மிகக் குறைவாகச் சுரக்கும் அடிசன் நோய் போன்றவை இருக்குமோ என்று சந்தேகம் வந்தால்தான் மருத்துவர்கள் கார்டிசாலை அளக்கிறார்கள். 'அட்ரினல் சோர்வு' என்ற நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்றுக்கொள்ளவே இல்லை. 1990களின் இறுதியில் மாற்று மருத்துவர் ஒருவர் வைத்த பெயர் அது.

இந்த இல்லாத நோய்க்கு இரண்டு டப்பா பொடி கொடுத்தார்கள். அதில் முதன்மையாக இருந்தது அசுவகந்தா, நம் ஊரில் அமுக்கரா என்று சொல்வது. பாட்டி வைத்தியத்தில் கேட்டுப் பழகிய பெயர் என்பதால் தைரியமாகப் பாலில் கலந்து குடித்தேன். செறிவூட்டிய அசுவகந்தாச் சாறு சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது என்பதும், தைராய்டு ஹார்மோன் அளவை மாற்றக்கூடும் என்பதும், பாலூட்டும் தாய்மார்களுக்கு அது பாதுகாப்பானது என்று காட்டப் போதுமான ஆய்வு இல்லை என்பதும், டென்மார்க் 2023இல் அதைத் தடை செய்தது என்பதும் பின்னால் தெரிந்தவை. டப்பாவில் இருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை.

பொடியைக் குடித்துக்கொண்டு, வகுப்பில் மூச்சுப் பயிற்சியும் கைகால் நீட்டலும் மட்டும் செய்துகொண்டு மூன்று மாதம் போனது. அசதி கூடிக்கொண்டே போனது. கேட்டபோதெல்லாம், "கார்டிசால் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே பதில். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றும்போது, நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். என் அம்மா என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது அசதி இல்லடி, கிளம்பு" என்று அன்று மாலையே டாக்டரிடம் கூட்டிப் போனார்.

சில நூறு ரூபாயில் முடிந்த இரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஹீமோகுளோபின் 9.2, அதாவது இரத்தசோகை. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். 18.4. பிரசவமான ஓராண்டுக்குள் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி அழற்சியுறும். முதலில் சுரப்பு அதிகமாகிப் படபடப்பு வரும், பிறகு குறைந்து அசதியும் குளிரும் முடி உதிர்வும் மலச்சிக்கலும் வரும். பிரசவமான மூன்றாவது மாதத்தில் எனக்குப் படபடப்பு வந்ததை அந்த ஆலோசகரிடம் நானே சொல்லியிருக்கிறேன். அவர் அதையும் கார்டிசால் கணக்கில் எழுதிக்கொண்டார். இரத்தசோகையைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு அது இருக்கிறது. சோர்ந்து வரும் தாயிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்தும் தொடங்கிய பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் என்னை மல்லாந்து படுக்கச் சொல்லி, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்தார். இரண்டு விரல் தாராளமாக உள்ளே போனது. வயிற்றின் நடுத் தசைகள் கர்ப்பத்தில் விலகி இன்னும் சேராமல் இருந்தன. "இருமும்போது சிறுநீர் கசிகிறதா?" என்று கேட்டார். கசிந்தது. மூன்று மாதம் பணம் வாங்கிக்கொண்ட இடத்தில் ஒருவர்கூட என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, இந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

உடற்பயிற்சி கார்டிசாலை ஏற்றுவது உண்மைதான். கடுமையாகச் செய்யும்போது ஏறும், ஓய்வெடுத்தால் இறங்கிவிடும். அதற்காகப் பயிற்சியையே பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. பிரசவமான பெண்கள், மருத்துவத் தடை ஏதும் இல்லாவிட்டால், சிறிது சிறிதாகத் தொடங்கி வாரம் 150 நிமிடம் மிதமான பயிற்சியை எட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. மிதமான பயிற்சியால் பால் வற்றாது என்பதும் 1994இலேயே ஆய்வில் காட்டப்பட்டுவிட்டது. எந்தப் பயத்தை வைத்து என்னிடம் கையெழுத்து வாங்கினார்களோ, அது முப்பது ஆண்டுக்கு முன்பே பொய்யென்று தெரிந்த பயம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரியைக் கண்டு யாரும் ஓய்ந்துவிட வேண்டாம். குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். அதன் பின் மீதி வகுப்புகளுக்கான 14,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். பரிசோதனைக்கும் பொடிக்கும் வாங்கியதைத் தர மறுத்ததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். உங்களிடம் ரசீது, அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் எது இருந்தாலும் அழித்துவிடாதீர்கள். பிரிக்காத இரண்டாவது டப்பாவை நானும் பில்லோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.