பிசான நெல்லை எண்ண எந்தக் கண் தோது?

திருநெல்வேலிப் பக்கத்து நெல் பருவமான பிசானத்தில் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறது என்று விண்ணிலிருந்து கணக்கெடுக்க இப்போது மூன்று வழி முன்னால் இருக்கிறது. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் ஒளிப்படத்தை ஏஐயிடம் கொடுக்கலாம். அதன் கூட்டாளியான சென்டினல்-1 எடுக்கும் ரேடார் படத்தைக் கொடுக்கலாம். இல்லையென்றால், செயற்கைக்கோள் படங்களை ஏஐ முன்கூட்டியே எண்களாகச் சுருக்கி வைத்திருக்கும் கூகுளின் ஆல்பாஎர்த் தரவைக் கடையில் விற்கும் தோசை மாவு மாதிரி எடுத்து ஊற்றிவிடலாம். பேச்செல்லாம் எந்த மாடல் உசத்தி என்பதிலேயே போகிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து வயல்களுக்கு மாடலைவிடப் படம்தான் முக்கியம் என்பது என் கட்சி.

சென்டினல்-2 ஜோடி ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. அகச்சிவப்பும் சேர்த்து 13 அலைவரிசை. வானம் தெளிந்திருந்தால் வாழையையும் நெல்லையும் அழகாகப் பிரிக்கும். ஒரு பிக்சல் 10 மீட்டர் சதுரம், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். 25 சென்ட் வயலுக்குப் பத்துப் பிக்சல்தான். அதிலும் வரப்போரத்துப் பிக்சலில் பக்கத்து வயலும் கலந்து கிடக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடவு நடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டால் என்ன செய்ய?

ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. சென்டினல்-1 அனுப்பும் அலை சுமார் 5.6 சென்டிமீட்டர் நீளம். தொழி உழவு முடிந்து தண்ணீர் கட்டிய வயலில் அது பட்டு வேறு பக்கம் தெறித்துப் போய்விடுவதால், படத்தில் வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். இந்த இறக்கமும் ஏற்றமும் வாழையில் கிடையாது. அதைப் பிடிக்கப் பெரிய மாடல் தேவையில்லை. சில நூறு இடங்களைச் சரியாகக் குறித்துக் கொடுத்தால் ரேண்டம் ஃபாரஸ்ட் என்கிற எளிய பழைய முறையே பிடித்துவிடும். மருத்துவப் படங்களுக்காக 2015-ல் வந்த யூ-நெட் என்கிற ஏஐ மாடல் வயல் எல்லையை இன்னும் திருத்தமாக வரையும்தான். ஆனால் அதைப் பழக்க ஒவ்வொரு வயலையும் கையால் சுற்றி வரைய ஆள் வேண்டும்.

ரேடாரும் ஏமாறும். இடையன்குடித் தேரி என்னும் செம்மணல் காட்டில் வெறும் மணலாகக் கிடக்கும் இடம் அதற்குக் கறுப்பாகத் தெரியலாம். மாடல் அதைத் தண்ணீர் என்று எழுதிவிடும். ஒளிப்படத்தில் அந்தச் செம்மண்ணைத் தவறவிடவே முடியாது. அமலைச் செடி மூடிய குளத்திலோ இரண்டுமே தோற்கும். ஒளிப்படம் பச்சையைப் பார்த்துப் பயிர் என்கும், ரேடார் தரை என்கும். ஊர்க்காரரிடம் காட்டினால் ஒரே பேச்சில் முடிந்துவிடும்: “அது வயலா அண்ணாச்சி? குளம்லா!”

ஆல்பாஎர்த் 10 மீட்டர் பிக்சல் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 64 எண்களைத் தருகிறது. வாழைத்தோட்டம், பனங்காடு, காற்றாலை நிற்கும் தரிசு என்று பிரிக்க அது போதும், வேலையும் மிச்சம். ஆனால் அதன் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஐப்பசியில் நட்டு மாசியில் அறுக்கும் பிசானம் இரண்டு ஆண்டுக் கணக்கில் துண்டாகிப் போகிறது. போதாததற்கு இன்னொரு நெல் பருவமான காரும் அதே எண்களுக்குள் வந்து கலக்கிறது. பருவக் கணக்குக்கு இதை நான் எடுக்க மாட்டேன்.

2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோளான நிசாரில் சுமார் 24 சென்டிமீட்டர் அலையும் இருக்கிறது. நீளமான அலை இலையை ஊடுருவும். அமலைக்கு அடியில் நிற்கும் நீரையும் அது காட்டிக்கொடுத்தால் குளத்துக்கும் ரேடாரே போதும். அதுவரைக்கும் வருவாய்த்துறை வரைபடத்திலிருந்து குளத்தின் எல்லையை எடுத்து, அந்தப் பிக்சல்களைக் கணக்கிலிருந்து முதலிலேயே நீக்கிவிடுங்கள்.