செல்வமகள் சேமிப்புக் கணக்கு: ஒரு தந்தையின் மதிப்பீடு

செலவு போக மிஞ்சுவதே சேமிப்பு என்று நம்பிய வீட்டில் வளர்ந்த நான், 2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மகளின் பெயரில் அஞ்சலகத்தில், பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்புத் திட்டமான செல்வமகள் கணக்கைத் தொடங்கினேன். அதுவரை அவளுக்கான சேமிப்பு என்றாலே மாதச் சீட்டில் வாங்கும் நகைதான். ஆனால் செய்கூலி, சேதாரம் என்று கடையில் கழிந்ததைக் கூட்டிப் பார்த்தபோதுதான் என் எண்ணம் மாறியது.

பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு, ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை 15 ஆண்டுகள் செலுத்தலாம். கணக்கு தொடங்கி 21 ஆண்டுகளில் முதிர்வடையும். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாத இறுதிவரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுவதால், சம்பளம் வந்த கையோடு இரண்டாயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு மீதியில் மளிகைக் கணக்கைப் போடும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. பாஸ்புக்கில் புதிய வரி ஏறியதும் மகளே அதைப் படித்துக் காட்டுவாள்.

குறையும் உண்டு. வட்டி நிலையானதன்று; தொடங்கியபோது 8.5 சதவீதமாக இருந்தது 2020 ஏப்ரலில் 7.6-க்கு இறங்கி, 2024 ஜனவரியில்தான் 8.2-ஐ எட்டியது. மேற்படிப்புக்காக, அவளுக்கு 18 வயது நிறைந்த பிறகோ பத்தாம் வகுப்பு தேறிய பிறகோ பாதித் தொகை வரை எடுக்கலாமே தவிர, இடையில் வரும் அவசரத்துக்கு இது உதவாது. (அவசரத்துக்கு எடுக்க முடிந்திருந்தால் நான் எப்போதோ எடுத்திருப்பேன்.) ஆகவே மருத்துவச் செலவுக்கென்று தனியே ஒரு வைப்புத்தொகையும் வைத்திருக்கிறோம்.