தென்காசி வீட்டு மாடியில் இரண்டு கிலோவாட்: ஒரு விடுமுறைக் கணக்கு

சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் எனக்குச் சொந்தமாக மொட்டைமாடி கிடையாது. அதனால்தானோ என்னவோ, 2025 மே மாதம் ஐந்து வார விடுமுறையில் தென்காசிக்குக் கிளம்பும்போதே, அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டின் மாடியில் சோலார் பேனல் பொருத்திவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்த முதல் நிறுவனத்தார் மூன்று கிலோவாட் போடச் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் சேர்த்து 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும் என்பதால், மொத்த விலையான 1,90,000 ரூபாயில் எங்கள் கையிலிருந்து போவது 1,12,000 மட்டுமே என்றும், அது மூன்றே ஆண்டில் திரும்பிவிடும் என்றும் உறுதியாகச் சொன்னார்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்ற அவர்களது அளவு பொதுவாக ஏற்கத்தக்கதுதான். ஆனால், அப்படி இரண்டு மாதத்தில் கிடைக்கும் 720 யூனிட்டையும் 9 ரூபாய் 65 காசால் பெருக்கியிருந்தார்கள். கோளாறு அங்கேதான் இருந்தது.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. 2025 மே மாத நிலவரப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அதற்குமேல் படிப்படியாக ஏறி, 500 யூனிட்டைத் தாண்டியதும் விலை சட்டென்று உயர்ந்தது. அப்போதைய விலைப்பட்டியலில் 9.65 என்பது 601 முதல் 800 வரையிலான யூனிட்டுகளுக்கு மட்டுமே உரிய விலை. அப்பா தேதிவாரியாகக் கட்டி வைத்திருந்த பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். கோடையில் ஏசி ஓடும்போது இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 620 யூனிட், அதற்குச் சுமார் 3,100 ரூபாய். மற்ற காலங்களில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட், அதற்கு 1,081 ரூபாய். இரண்டு கிலோவாட் போட்டாலே இரண்டு மாதத்தில் 480 யூனிட் கிடைக்கும். கோடையில்கூட மின் வாரியத்திடம் வாங்க வேண்டியது 140 யூனிட்தான், அதற்கான கட்டணம் நூறு ரூபாயைத் தொடாது. அப்படியானால் மூன்றாவது கிலோவாட் எதை மிச்சப்படுத்தும்? அந்த நூறு ரூபாயையும், ஏற்கெனவே இலவசமாக வரும் யூனிட்டுகளையும்தான். அதற்காக, பின்னர் நாங்கள் இரண்டு கிலோவாட்டுக்குக் கையிலிருந்து கொடுத்த 75,000 ரூபாயைவிட 37,000 ரூபாய் கூடுதலாகச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வேறொரு நிறுவனத்திடம் இரண்டு கிலோவாட்டுக்கு 1,35,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். 60,000 மானியம் போக 75,000. ஆண்டுக்குச் சுமார் 12,000 ரூபாய் மிச்சமாகும் என்பதால் ஏறக்குறைய ஆறு ஆண்டில் போட்ட பணம் திரும்ப வேண்டும். ஆனால் குற்றாலச் சாரல் பிடித்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசியில் வெயில் மங்கிக் கிடக்கும் என்பதை எந்த விற்பனையாளரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே நான் ஏழு ஆண்டு என்றே வைத்துக்கொண்டேன்.

பணத்தைவிட அதிகமாகக் காக்க வைத்தது பெயர்தான். மின் இணைப்பு இன்னும் மறைந்த பாட்டியின் பெயரிலேயே இருந்தது. மானியம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமானால் இணைப்பும் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்பதால், வாரிசுச் சான்றிதழையும் சொத்துவரி ரசீதையும் தேடியெடுத்துப் பெயர் மாற்றவே பன்னிரண்டு நாள் போயிற்று. வெளிநாட்டிலிருந்து குறைந்த விடுமுறையில் வருபவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் புறப்படும் முன்பே பெற்றோரிடம் சொல்லி முடித்து வைப்பது மிகவும் நல்லது.

பொருத்த வந்த இரண்டு இளைஞர்களின் வேலை எனக்கு நிறைவாக இருந்தது. மாலை மூன்று மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை நீள்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் தளத்தில் கோடிட்டுப் பார்த்து, அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் பேனல் சட்டத்தின் கால்களை வைத்தார்கள். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியே குறையக்கூடும் என்பதை அவர்களே அம்மாவுக்கு விளங்கச் சொன்னார்கள். தளத்தைத் துளைத்தால் மழைக்காலத்தில் ஒழுகும் என்று அப்பா கவலைப்பட்டதால், துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளின்மேலேயே சட்டத்தை நிறுத்தினார்கள்.

நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, வாரியத்திடம் வாங்கும் மின்சாரத்தையும் அதற்கு நாம் அனுப்புவதையும் கணக்கிடும் இருவழி மீட்டர் வந்தது. மறுநாள் உச்சிவெயிலில் கரண்ட் போனது. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் பச்சை விளக்கும் கூடவே அணைந்தது. கம்பத்தில் வேலை செய்பவர்மேல் நம் வீட்டு மின்சாரம் பாயாமலிருக்க, பேட்டரி இல்லாத அமைப்பு தானாகவே நின்றுவிடும். ஆனால் முதலில் வந்த நிறுவனத்தார், கரண்ட் போனாலும் மின்விசிறி ஓடும் என்றல்லவா அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள்! வயதானவர்களிடம் அப்படிச் சொல்லி விற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. வீட்டில் முன்பே இருந்த பழைய பேட்டரியைத் தனியே வைத்துக்கொண்டு, படுக்கையறை மின்விசிறிக்கும் விளக்குக்கும் இணைப்பைப் பிரித்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

மானியத் தொகை ஜூன் கடைசியில் அப்பாவின் கணக்கில் ஏறியது. அவர் நாள்தோறும் உற்பத்தியைக் காலண்டர் தாளில் குறித்து வைக்கிறார். சாரல் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் மூன்றரை யூனிட்தான் வந்ததாகத் தொலைபேசியில் படித்துக் காட்டினார்.